ஒரே சட்டியில் சமைத்து எடை குறைத்த கதை

2024 மாசி மாதம், ஒரு புதன்கிழமை இரவு. மேசையில் எனக்கு முன்னால் பூக்கோவாவைத் துருவி வறுத்து, "சோறு" என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு சாமான். பக்கத்தில் எண்ணெய் இல்லாமல் வாட்டிய கோழித் துண்டு. மனைவிக்கும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வழமையான சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. மகளுக்கு அப்போது 10 வயசு. தன்னுடைய கோப்பையில் இருந்த சோறு முழுவதையும் கரண்டியால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கத்தரிக்காயை மட்டும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, சோறு வேண்டாமோ?"

"வேண்டாம் அப்பா. நானும் அப்நேமன் செய்யோணும்."

பெலன் இல்லாத, நெட்டையாக வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை. குறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள். "பார்த்தியளோ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அதற்கு நாலு மாசத்துக்கு முன்னால்தான் நான் செக்-அப்புக்குப் போயிருந்தேன். உங்களில் பலருக்கும் இப்ப அந்த வயசு வந்திருக்கும்: 35 முடிந்தால் மூன்று வருசத்துக்கு ஒருமுறை கிராங்கன்காஸவின் செலவிலேயே இந்தப் பரிசோதனை செய்யலாம். எனக்கு 36. அப்பாவுக்கு சீனி வருத்தம் 41 வயசில் பிடிபட்டது என்று சொன்னதால், டொக்டர் வழமையான பட்டியலில் இல்லாத எச்பிஏ1சி பரிசோதனையையும் சேர்த்து எழுதினார். மூன்று மாசச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எண் அது. எனக்கு 6.0 வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தின படி என்று கணக்கு. உயரம் 1.72 மீற்றர், எடை 86 கிலோ. பிஎம்ஐ 29.

29 என்றால் சுவரில் தொங்கிய அட்டவணைப்படி 'அதிக எடை' மட்டும்தான், 'உடற்பருமன்' 30 இல்தான் தொடங்குகிறது. நானும் அப்படியே ஆறுதல்பட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிறகுதான் வாசித்தேன்: ஆசிய மக்களுக்கு ஆபத்து முன்கூட்டியே தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இலேயே சொல்லியிருக்கிறது. எங்களுக்கு 23 இல் கவனம் தொடங்கவேண்டும், 27.5 இல் ஆபத்து அதிகம். இடுப்புச் சுற்றளவும் அப்படித்தான். ஐரோப்பிய ஆணுக்கு 94 சென்ரிமீற்றர் எல்லை என்றால் தெற்காசிய ஆணுக்கு 90. என்னுடையது 101. கைகால் எல்லாம் சாதாரணம், வயிறு மட்டும் முன்னால். எங்கள் சித்தப்பாமாரின் கல்யாணப் படங்களை எடுத்துப் பாருங்கோ, வரிசையாக அதே வயிறுதான் நிற்கும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். பிரச்சினை என்றால் உடனே ஒரு கருவி தேடுவேன். முதலில் கலோரி எண்ணுகிற அப். அதில் 'கறி' என்று தேடினால் பேர்லின் கறிவூர்ஸ்ட் வருகிறது. அம்மா வைத்த முருங்கைக்காய்க் குழம்பை எப்படிப் பதிவது? சட்டியை நிறுத்து, எண்ணெயை அளந்து, ஆறாகப் பிரித்து... ஒன்பது கிழமை செய்தேன். நாலு கிலோ குறைந்தது. பிறகு எசனில் ஒரு சாமத்திய வீடு, அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள். இரண்டு நாள் பதியவில்லை. பதியாத நாள் வந்ததும் மனம் விட்டுப்போச்சு. பிறகு 16 மணித்தியாலம் பட்டினி, எட்டு மணித்தியாலம் சாப்பாடு என்கிற முறை. வேலையிடத்தில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற ஒரே நேரம் இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் நான் தேத்தண்ணியோடு சோபாவில் இருந்தேன். அது மூன்று கிழமை.

மூன்றாவதுதான் அந்தப் பூக்கோவா. மாப்பொருள் இல்லாத சாப்பாடு. எனக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த இரண்டாவது சட்டியைப் பாதி நாள் வைத்தது என் மனைவி. அவளும் முழுநேர வேலைக்குப் போகிறவள். நான் எக்செலில் அழகாக நிறம் போட்டுத் திட்டம் எழுதினேன், அடுப்படியில் நின்றது அவள். ஆண்கள் 'டயட்' தொடங்கினால் வீட்டில் யாருடைய வேலை கூடுகிறது என்று எங்கள் ஆட்கள் கதைக்கிறதில்லை.

மகள் சோற்றைத் தள்ளிய அன்றிரவு பிள்ளைகள் படுத்தபிறகு இரண்டு பேரும் இருந்து கதைத்தோம். மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்கட அப்புக்குள்ள இருக்கிற கணக்கை வடிவாப் பாருங்கோவன். நீங்கள் ஒவ்வொரு நாளும் ரெண்டு மத்தியானம் சாப்பிடுறியள்."

பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். வேலையிடத்துக் கன்ரீனில் மத்தியானம் 12 மணிக்குச் சூடான முழுச் சாப்பாடு: ஷ்னிட்சல், உருளைக்கிழங்கு, சோஸ். யேர்மன்காரர் அதோடு நாளின் பெரிய சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். பின்னேரம் அவர்களுக்குப் பாண், சீஸ், வெள்ளரிக்காய். ஊரிலோ மத்தியானச் சோறுதான் பெரிது, இரவுக்கு இடியப்பமோ புட்டோ பாணோ அளவாக. ஆனால் எங்கள் பெற்றோர் இங்கே வந்து இரண்டு வேலை, மூன்று வேலை செய்தார்கள். குடும்பமாக இருந்து சாப்பிட இரவுதான் கிடைத்தது. ஆகவே சோறு இரவுக்குப் போனது. நாங்கள், அவர்களின் பிள்ளைகள், யேர்மன்காரரின் மத்தியானத்தையும் அம்மாவின் இரவையும் சேர்த்தே சாப்பிடுகிறோம். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சூடான சாப்பாடு, வீட்டில் திரும்பவும் சோறு. ஓடி விளையாடுகிற வயசில் அவர்களுக்கு அது பரவாயில்லை. எட்டு மணித்தியாலம் கதிரையில் இருக்கிற எனக்கு?

எந்த முறை நல்லது என்று தேடித் தேடி வாசித்தவன் நான். அந்தத் தேடலில் கிடைத்த ஒரே பிரயோசனமான விசயம், 2018 இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடு, மற்றப் பகுதிக்கு மாப்பொருள் குறைந்த சாப்பாடு என்று ஒரு வருசம் பார்த்தார்கள். முதல் பகுதி சராசரியாக 5.3 கிலோ, மற்றது 6.0 கிலோ. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. ஆனால் ஒரே பகுதிக்குள்ளேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது. அதாவது முறையின் பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பகுதிக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது மரக்கறியைக் கூட்டு, சீனியையும் வெள்ளை மாவையும் குறை, வீட்டில் சமை என்பதுதான். இதைத்தான் அம்மா 30 வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தா, கடைசியில் "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்பதையும் சேர்த்து.

எவ்வளவு குறைக்கவேண்டும் என்பதற்கும் ஒரு அளவு கிடைத்தது. நீரிழிவைத் தடுக்க அமெரிக்காவில் 3,000 பேருக்குமேல் வைத்து நடத்தி 2002 இல் முடிவு வெளிவந்த பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 வீதம் குறைப்பதுதான் இலக்கு. எனக்கு அது ஆறு கிலோ. இருபது கிலோ இல்லை! எங்கள் ஆட்களை வைத்தும் ஒரு ஆய்வு இருக்கிறது. டொக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006 இல் வெளியிட்டது. 531 பேர், மூன்று வருசம். ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் 55 வீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. சாப்பாட்டைத் திருத்தி ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடந்தவர்களில் 39 வீதம். அங்கே யாரும் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை, அளவையும் வகையையும்தான் மாற்றினார்கள்.

டொக்டரிடம் திரும்பப் போய், உணவு ஆலோசனை தேவை என்று ஒரு கடிதம் வாங்கினேன். 'நொட்வெண்டிக்கைட்ஸ்பெஷைனிகுங்' என்று கேட்டால் தருவார்கள். அதைக் காட்டினால் பல கிராங்கன்காஸக்கள் ஆலோசனைச் செலவில் நல்ல பங்கைத் தருகின்றன, தொடங்க முதலே கேட்டுக்கொள்ளுங்கோ. ஆலோசகர் ஒரு யேர்மன் பெண். புட்டு என்றால் என்னவென்று அவவுக்குத் தெரியாது. ஆனால் முதல் கேள்வியே நல்ல கேள்வி: "கிழமையில் எந்தச் சாப்பாட்டை விட உங்களுக்கு மனம் வராது?" ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுச் சாப்பாடு என்றேன். "அப்ப அதைத் தொடவேண்டாம், மிச்சத்தைப் பார்ப்போம்" என்றா.

அப்படித்தான் எங்கள் கிழமை உருவானது. புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, இருக்கிற கிழமையை அப்படியே எடுத்து எழுதினோம். செவ்வாய், வியாழன் நான் அலுவலகம் போகிற நாட்கள். கன்ரீனில் சூடாகச் சாப்பிடுகிறேன், ஆகவே அன்றிரவு வீட்டில் எல்லாருக்கும் 'ஆபென்ட்புரோட்': முழுத்தானியப் பாண், முட்டை, வெள்ளரிக்காய், தக்காளி, தாளித்த கடலை. திங்கள், புதன் வீட்டிலிருந்து வேலை. மத்தியானம் பாண், இரவு சோறு. வெள்ளி சைவம், எங்கள் வீட்டில் அது எப்பவும் அப்படித்தான். சனி காலை தமிழ்ப் பள்ளி. பிள்ளைகள் வகுப்பில் இருக்கிற நேரம் நான் தமிழ்க்கடைக்கும் அல்டிக்கும் போய்க் கிழமைக்கான சாமான் வாங்குகிறேன். ஞாயிறு கடை பூட்டு, ஆகவே சனி மறந்தால் திங்கள் வரைக்கும் இல்லை. ஞாயிறு மத்தியானம் அம்மா வீடு. பின்னேரம் வந்து இரண்டு பெரிய சட்டி நான் சமைக்கிறேன், நானேதான்: ஒன்று பருப்பு அல்லது கடலைக்கறி, மற்றது மரக்கறி. எல்லாருக்கும் ஒரே சட்டி. வித்தியாசம் கோப்பையில் மட்டும்.

அம்மாவுக்கு இது சொல்லப்பட்டபோது கிழமையில் இரண்டு இரவு பாண் என்பதைத்தான் அவவால் தாங்கமுடியவில்லை. "இரவுக்குப் பாணோ? பிள்ளையள் பசியோட படுக்கப்போகுதுகள் தம்பி." பிள்ளைகளைக் கேட்டால் அவர்களுக்கு அந்த இரண்டு நாளும் கொண்டாட்டம், தாங்களே பூசி, தாங்களே அடுக்கி, கெச்சப் போத்தலுக்குச் சண்டை பிடித்து. மனைவிக்கு அதைவிடக் கொண்டாட்டம்.

சோற்றின் அளவை ஒருநாள் தராசில் வைத்துப் பார்த்தேன். நான் வழமையாகப் போடுகிறது, அதாவது முதல்முறையும் "குழம்பு மிஞ்சிப்போச்சு" என்று இரண்டாம்முறையும் சேர்த்து, 450 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 130 கலோரி. கிட்டத்தட்ட 600 கலோரி வெறும் சோற்றில். இப்போது 180 கிராம். ஒவ்வொரு நாளும் நிறுக்கிறதில்லை. சின்னக் கிண்ணம் ஒன்று பிடித்து வைத்திருக்கிறேன், அது நிரம்பினால் காணும். வெள்ளையிலிருந்து சிவப்புப் புழுங்கல் அரிசிக்கு மாறினோம். கலோரி பெரிதாகக் குறையாது, ஆனால் சப்பிச் சாப்பிடவேண்டியிருக்கிறது, பசி சுணங்கி வருகிறது. கோப்பையின் பாதி மரக்கறி. முதல் இரண்டு கிழமை, உண்மையைச் சொன்னால், இரவு பத்து மணிக்குப் பசித்தது. மாகர்குவார்க்தான் காப்பாற்றியது. 250 கிராம் டப்பா ஒன்றில் 30 கிராம் புரதம், 170 கலோரிக்குள். அதில் வெள்ளரிக்காய், பச்சைமிளகாய், உப்புப் போட்டுப் பச்சடி செய்தால் தயிர்ப் பச்சடிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

தேங்காய்ப்பால்தான் பெரிய பேச்சுவார்த்தை. 400 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் ஏறக்குறைய 700 கலோரி இருக்கிறது. அம்மா சொதிக்கு ஒன்று, கறிக்கு ஒன்று உடைப்பா. நான் எண்ணைச் சொல்லி வாதாடியபோது அசையவில்லை. அப்பாதான் இடையில் சொன்னார்: "வந்த புதுசில இஞ்ச தேங்காய்ப்பால் எங்க இருந்தது? பசுப்பால்தானே விட்டனாங்கள்." 1985 இல் அவர்கள் வந்தபோது ஒரு ரின் தேங்காய்ப்பாலுக்கு எங்கே போவது? அகதி விடுதி அடுப்பில் பசுப்பால் விட்டுத்தான் கறி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது கிழமை நாட்களில் எங்கள் வீட்டுப் பால்க்கறிக்கு 1.5 வீதப் பசுப்பால்தான். ஞாயிற்றுக்கிழமைச் சொதி ரின்தான், அதில் நான் கை வைக்கவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும்: க்ரூன்கோல். குளிர்காலத்தில் சந்தையில் மலைபோலக் குவிந்திருக்கும் அந்தச் சுருள் கீரையை யேர்மன்காரர் கொழுப்பும் சொசேஜும் போட்டு மணிக்கணக்காக அவிப்பார்கள். அதைச் சன்னமாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு தாளித்து, மஞ்சள் போட்டு, கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பூத் தூவி வறையாக இறக்கினால்... ஊர் முருங்கையிலை வறைக்கு ஒரு படி குறைவு, அவ்வளவுதான். அம்மா இதை 90களிலேயே செய்யத் தொடங்கிவிட்டா. சின்ன வயசில் வேலிக்கு அப்பால் எறியாத குறையாகச் சாப்பிட்டேன், இப்போது கிலோக்கணக்கில் வாங்குகிறேன். லீக்ஸும் சிவப்புக் கோவாவும் இதே மாதிரித்தான்.

யேர்மன் உணவுச் சங்கம் 2024 பங்குனியில் புதுப் பரிந்துரைகள் வெளியிட்டது. நாளுக்கு ஐந்து பங்கு பழமும் மரக்கறியும், இறைச்சி கிழமைக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம், பருப்பு வகை குறைந்தது கிழமைக்கு ஒருமுறை. வேலையிடத்தில் இதை வைத்துப் பெரிய விவாதம் நடந்தது, இறைச்சியைப் பறிக்கிறார்கள் என்று. வெள்ளி விரதமும் நாளாந்தப் பருப்பும் உள்ள வீட்டில் இருந்து வந்தவனுக்கு அது ஒரு விவாதமாகவே படவில்லை. ஊசி மருந்தைப் பற்றியும் எல்லாரும் கேட்கிறார்கள். 2023 ஆடி முதல் இங்கே கிடைக்கிறது, எடை குறைப்புக்கென்று அரசுசார் காப்புறுதி பணம் தருவதில்லை. தேவையானவர்களுக்கு அது மருந்துதான், என்னுடைய எண்களுக்கு டொக்டர் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை.

இந்தக் கதையில் நான் மறைக்க விரும்புகிற ஒரு பகுதி இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். என்னுடைய எடை குறையத் தொடங்கியதும் அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்களுக்குச் சொல்லாமல் அப்பாவின் சோற்றையும் பாதியாக்கிவிட்டா. அப்பா சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறவர். சோறு பாதி, ஊசி பழைய அளவு. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரெலிபோன் வந்தது, "அப்பா வேர்த்து ஊத்திக்கொண்டு இருக்கிறார், கதை தடுமாறுது." பத்து நிமிச தூரம்தான், ஓடினேன். சீனி 58. திராவுபென்சுக்கர் கொடுத்து, பழச்சாறு கொடுத்து, கால் மணித்தியாலத்தில் சரிவந்தார். அம்மா அடுப்படியில் நின்று அழுதா. பிழை அவவுடையது இல்லை. வீடு முழுக்க 'குறை, குறை' என்று கதைத்துத் திரிந்தது நான். இன்சுலின் போடுகிற, அல்லது சீனியைக் குறைக்கிற சில குளிசைகள் எடுக்கிற பெற்றோர் வீட்டில் இருந்தால், அவர்களின் சாப்பாட்டில் கை வைக்க முதல் அவர்களின் டொக்டரோடு கதையுங்கோ. அப்பாவின் ஊசி அளவை டொக்டர் மாற்றி எழுதிய பிறகுதான் அவருடைய கோப்பையும் மாறியது.

கொண்டாட்டங்களுக்கு நான் ஒரு விதியும் வைக்கவில்லை. மண்டபத்தில் ரோல்ஸ், பற்றிஸ், கொத்துரொட்டி, பிறகு கேக், அது இரவு பதினொரு மணிக்கு. ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போனால் அன்னதானம். அதில் நின்று கிண்ணம் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது, அது மரியாதையும் இல்லை. சாப்பிடுகிறேன். அடுத்த நாள் திட்டத்தில் எது எழுதியிருக்கிறதோ அதற்குத் திரும்புகிறேன். முன்னம் கலோரி எண்ணியபோது என்னை விழுத்தியது அந்த ஒரு நாள் இல்லை, அதற்குப் பிறகு வந்த வெறுப்புத்தான்.

14 மாசத்தில் 86 இலிருந்து 79.5. இடையில் கோடை விடுமுறையில் இரண்டு கிலோ ஏறி, ஐப்பசிக்குள் இறங்கியது. மூன்று மாசம் அசையாமல் 82 இல் நின்றது, அப்போதுதான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியால நடையைச் சேர்த்தேன், பெரும்பாலும் மகனோடு. இடுப்பு 93, இன்னும் எல்லைக்குள் வரவில்லை. எச்பிஏ1சி 5.6. டொக்டர் நல்லது என்றார், அடுத்த வருசமும் வாங்கோ என்றார்.

மகளிடம் 'அப்நேமன்' என்ற சொல்லை நாங்கள் திரும்ப எடுக்கவில்லை. குளியலறையில் இருந்த தராசை என் அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். பூக்கோவா இப்போது கறியாக மட்டும் வருகிறது. சில கிழமை அவள் சோற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், நாங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தோம், அது லேசாக இருக்கவில்லை. பிறகு ஒருநாள் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாவும் சோறா?" என்றாள். ஓமென்றேன். பருப்பை இழுத்துத் தன் கோப்பையில் விட்டுக்கொண்டாள்.

கிழமைத் திட்டம் இப்போது எக்செலில் இல்லை. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள், ஞாயிறு பின்னேரம் நாலு பேருமாக எழுதுவோம். இந்தக் கிழமைத் தாளில் வியாழக்கிழமை 'பாண், முட்டை' என்று நான் எழுதியதை வெட்டி, தமிழ்ப் பள்ளி எழுத்தில், ட்-டன்னாவுக்குப் புள்ளி வைக்க மறந்து, யாரோ 'பிடசா' என்று எழுதியிருக்கிறார்கள். மனைவி அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.